கடைசிக் குழாய்

தெரிந்தவர்களைப் பார்த்தால் மனிதர்கள் என்ன கேட்பார்கள்? சாப்பிட்டாச்சா, பிள்ளைகள் சௌக்கியமா, வெயில் என்ன இப்படிப் போடுகிறது என்று ஏதாவது கேட்பார்கள். அவருக்கு இருந்தது ஒரே கேள்விதான். "வருதா?"

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும் அதேதான். மாதா கோயில் சப்பரத்தின் பின்னால், மெழுகுவர்த்தியும் கையுமாக நான் நடந்துகொண்டிருந்தபோது ரோட்டோரத்தில் சைக்கிளை நிறுத்தி, அம்புட்டுக் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துக் கேட்டதும் அதேதான். என் மாமனார் இறந்து நடுவீட்டில் கிடத்தியிருந்த அன்று மாலையோடு வந்தார். போட்டார், கும்பிட்டார், வாசலில் நின்ற என்னிடம் வந்து குரலைத் தணித்து, "டீச்சரம்மா, காலையில வந்துச்சா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாவு வீடாயிற்றே என்று தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு முறையே இல்லை, துக்க வீட்டுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கும் என்று அவராகத் திறந்துவிட்டிருக்கிறார் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது. தண்ணி அண்ணன் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். டேங்கை நிரப்புவது, முறைப்படி தெருத்தெருவாக வால்வு திறப்பது, மூடுவது, இதுதான் வேலை. வால்வைத் திருப்ப ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் யாரையும் "வருதா?" என்று கேட்பதில்லை.

திண்டுக்கல்லில் இருந்து ஆத்தூர் போகிற பக்கம், திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை சின்னதாகத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் நகர். நகர் என்பது மனை விற்றவர் வைத்த பெயர். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிஷம் என்றும் சொன்னார். நானும் என் வீட்டுக்காரரும் அதை நம்பி வாங்கி, கடைசித் தெருவின் கடைசி மனையில் வீட்டைக் கட்டிக் குடி வந்த பிறகுதான் தெரிந்தது, பத்து நிமிஷத்தில் வருவது பஸ் ஸ்டாண்டின் ஹார்ன் சத்தம் மட்டும்தான் என்று. தண்ணீர் சுத்தமாக இல்லை. போர் போட்டால் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிற தொண்டை எனக்கு. கிளார்க் பொறுமையாக விளக்கினார்: அது அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு, எங்கள் தெரு எந்தப் பதிவேட்டிலும் இல்லை, இல்லாத தெருவுக்குக் குழாய் போட விதி கிடையாது. இல்லாத தெருவில் இருந்து வந்து நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன். கதவோரம் சாவியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். எத்தனை வீடு என்று மட்டும் கேட்டார். பதினொன்று என்றேன். போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்து இறங்கும்போது தெருவில் பிளாஸ்டிக் குழாய்கள் கிடந்தன. பள்ளிக்கூடத் தெரு வேலையில் மிச்சமான ஊராட்சிக் குழாய்கள். நடுவில் அந்தச் சாவிக்காரர், சுற்றிலும் பதினொரு வீட்டு ஆட்களும் மண்வெட்டியோடு நின்றார்கள். பூசைக்குக் கட்டிய நல்ல சேலையோடு நானும் மண் அள்ளினேன். மெயின் குழாயிலிருந்து எங்கள் தெருவுக்குப் பிரிகிற இடத்தில் ஒரு வால்வு வைத்து, அதன் மேல் பெரிய துவைகல் ஒன்றைப் புரட்டிப் போட்டார். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றேன். துவைக்கிற கல்லுன்னு சொல்லுங்க என்றார். பொய்யும் இல்லையே, முக்கு வீட்டுப் பாண்டியம்மா அன்றைக்கு மத்தியானமே அதில் துணி துவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசித் தெரு என்பதால் அழுத்தம் போதாது. குழாயை மேலே வைத்தால் ஏறாது என்று வீட்டுக்கு வீடு குழி தோண்டி அதற்குள் வைத்தார்; கடைசி வீடான எங்களுக்கு மூன்று படி ஆழம். திறந்ததும் எங்கள் குழாய் முதலில் செருமியது. புஸ்ஸென்று காற்று, பிறகு காறித் துப்புவது மாதிரி செம்மண் தண்ணீர், மறுபடி காற்று, அப்புறம் தெளிந்து விழுந்தது. பாண்டியம்மா குலவை போட்டு, குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நான் வேதக்காரி, சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் குழிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் ஏந்தி, கடகடவென்று குடித்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எங்கள் முறை நாளில் வால்வைத் திறந்துவிட்டு, சாவியின் மேல் காதை வைத்துச் செத்த நேரம் கேட்பார். குழாய்க்குள் போவது தண்ணீரா காற்றா என்று அதில் தெரியுமாம். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வழிநெடுக "வருதா?" என்று கேட்டபடி எங்கள் வீட்டுக் குழி வரைக்கும் வருவார். நடுவில் யார் மோர் கொடுத்தாலும் தொடமாட்டார். கடைசிக் குழாயில் விழுந்த பிறகுதான் அவருக்கு அன்றைய முதல் தண்ணீர். சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வராமல் கையால் சைகை காட்டிக் கேட்டிருக்கிறார். வீம்பு பிடித்த மனுஷன் என்று நான் திட்டியிருக்கிறேன்.

இதில் பாவம் அவர் மனைவி. அவர்கள் குடியிருந்தது டேங்கின் அடியில், முதல் தெருவின் முதல் வீட்டில். தண்ணீர் குறைந்த நாட்களில் முன்தெருக்களின் வால்வுகளை மூடிவிட்டுக் கடைசித் தெருவை நிரப்பிவிட்டுத்தான் பின்னால் வருவார். முதல் தெரு வருவதற்குள் டேங்க் காலியாகிவிடும். மதினி இடுப்பில் குடத்தோடு எங்கள் தெருவுக்கு நடந்து வருவார். "டேங்க் நிழல்லயே குடியிருக்கேன் டீச்சர், இந்த மனுசன் எனக்கு ஒரு கொடம் தண்ணி தரல" என்பார். நான் நிரப்பிக் கொடுப்பேன். போகும்போது, இங்கே வந்து பிடித்ததை அவரிடம் சொல்லாதீர்கள் என்பார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

எங்கள் புறநகரின் சரித்திரத்தை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. அவரிடம் இருந்தது. அதுவும் குழாய்க் கணக்கில் இருந்தது. மாட்டுத் தொட்டியும் கிணறும் மட்டும் இருந்தபோது இது வெறும் கனகாம்பரத் தோட்டம். மில் வந்து ஆட்கள் குடியேறியபோது டேங்க் கட்டி இரும்புக் குழாய் போட்டார்கள். பஸ் ரோட்டை அகலப்படுத்தியபோது சிமெண்டுக் குழாய். நாங்கள் மனை வாங்கி வந்து குவிந்தது பிளாஸ்டிக் காலம். காவிரித் தண்ணீர் வந்தது அதற்கும் பிறகு. தெருக்களுக்குத் தலைவர்களின் பெயர்ப்பலகை இருந்தாலும் அவர் வாயில் இரும்புத் தெரு, சிமெண்டுத் தெரு, பிளாஸ்டிக் தெருதான். என்னிடம் ஒருமுறை, "நீங்க பிளாஸ்டிக் காலத்துல வந்தவுக" என்றார். வயதைக் குறைத்துச் சொன்னது மாதிரி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் என்று ஆன வருஷம், நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஆளாளுக்கு லைனில் மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள். நானும் சின்னதாக ஒரு மோட்டார் வாங்கி, குழிக்குள் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். கடைசி வீடுதானே, எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் கெடுவதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அவர் வந்தார். வீட்டுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றார். குழி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. குடிக்க இறங்கவில்லை. மோட்டார் சத்தம் வெளியே கேட்காது என்றுதான் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் சாவியில் காது வைத்துக் கேட்கிறவருக்கு அதெல்லாம் எம்மாத்திரம்.

"டீச்சரம்மா, ஒங்க குழாயப் பாத்துத்தான் எனக்கு ஊருக்குப் பூராம் வந்துச்சான்னு தெரியும். நீங்களே இழுத்தா நான் எதப் பாக்குறது?"

அவ்வளவுதான் சொன்னார். கோபமே இல்லை. வகுப்பில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நான் நின்றேன். அவர் அன்றைக்குக் குடிக்காமலே போனார். மோட்டாரைக் கழற்றிப் பரணில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பிறகு எங்கள் ஊராட்சியை நகரத்தோடு சேர்த்தார்கள். புது மெயின், புது டேங்க், தெருவெல்லாம் புது ரோடு என்றார்கள். பழைய டேங்கை இடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் எந்தெந்தத் தெருவில் லைன் இருக்கிறதோ அதையெல்லாம் வரைபடத்தில் ஏற்ற வேண்டும், வரைபடத்தில் இருக்கிற தெருவுக்குத்தான் புது லைன். அதே நேரத்தில் தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக எடுப்பதற்கும் ஒரு பட்டியல் தயாராயிற்று. ஆயுசு முழுக்கத் தற்காலிகமாகவே இருந்த மனிதர், அதில் அவர் பெயர் முதலில் இருந்தது. மதினி அந்த ஆடியில் இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னார்.

எங்கள் தெரு கூடிப் பேசியது. கல்லுக்கு அடியில் இருக்கிற வால்வைக் காட்டினால், ஊராட்சிக் குழாயை விதி இல்லாத தெருவுக்குப் போட்டது யார் என்று கேட்பார்கள். அவர் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். காட்டாவிட்டால் எங்கள் தெரு வரைபடத்தில் ஏறாது, டேங்கை இடிக்கிற அன்றோடு தண்ணீர் நின்றுவிடும். நாங்கள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்துக்கொள்வோம், அந்த மனுஷனின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது என்று ஒரே வாயாக முடிவு செய்தோம். ஒரு தெருவே சேர்ந்து தனக்குத் தண்ணீர் வேண்டாம் என்று முடிவு செய்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாண்டியம்மாவைக் கல்லின் மேல் உட்கார வைத்தோம். அளக்கிறவர்கள் வந்து போகிற மூன்று நாளும் அவள் ஒரே போர்வையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு பெண் என்ஜினியர் கையில் வரைபடக் கருவியோடு வந்தார். முன்னால் நடந்து ஒவ்வொரு வால்வாகக் காட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் அண்ணன்தான். கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். இதோடு முடிந்ததா, அடுத்த தெருவுக்குப் போகலாமா என்று என்ஜினியர் கேட்டார்.

அண்ணன் பாண்டியம்மாவைப் பார்த்து, "செத்த எந்திரி தாயி" என்றார்.

அவள் எழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அவள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வேணாம்ண்ணே" என்றேன்.

"நான் இருக்க மட்டும் இது கல்லுக்கடியில இருக்கலாம் டீச்சரம்மா. எனக்குப் பெறகு யாரு பொரட்டுவா?"

அவரே குனிந்து கல்லைப் புரட்டினார். என்ஜினியர் படம் எடுத்துக்கொண்டு, இதை யார் போட்டது என்று கேட்டார். ஆபீசுக்குத் தெரியாது, நான்தான் போட்டேன் என்று சொன்னார். மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வது மாதிரி சொன்னார். அந்தப் பெண் கருவியில் விரலால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடுதான் எங்கள் தெரு.

பட்டியல் வந்தது. அதில் அவர் இல்லை. சாவியை ஒப்படைத்துவிட்டு வரச் சொன்னார்கள். சைக்கிளில் சாவி இல்லாமல் அவர் போனதைப் பார்த்த அன்று நான் கேவிக் கேவி அழுதேன். மன்னிப்புக் கேட்கப் போனால் மதினி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றாதுதானே. நாலு மாதம் கழித்து அவராகவே குடத்தோடு வந்தார். நானே குழிக்குள் இறங்கி நிரப்பி, அவர் இடுப்பில் ஏற்றிவிட்டேன்.

புது லைன் தோண்டும்போது அவர் தினமும் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. எங்கே எந்த வால்வு வைக்கிறார்கள் என்று குனிந்து குனிந்து பார்ப்பார். தண்ணீர் வந்தது, நல்ல அழுத்தத்தோடு வந்தது. எல்லாரும் குழியை மூடிவிட்டு இடுப்பு உயரத்துக்குக் குழாய் வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் மூடவில்லை. ஏனென்றால் வேலை போன பிறகும் முறை நாளில் அவர் வருவதை நிறுத்தவில்லை. "வருதா?" என்பார், குழிக்குள் இறங்குவார், கையேந்திக் குடிப்பார், போவார். வீட்டு வாசலில் கொசு வளர்க்கிறாய் என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாள் இல்லை.

போன ஐப்பசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. எரியோட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு முறை நாளில் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. மதினிதான்.

"வருதான்னு கேக்குறாரு டீச்சர். எந்திரிச்சதுல இருந்து சொட்டுத் தண்ணி எறங்கல. மாத்திரையும் போடல. இன்னைக்கு ஒங்க மொறையாமே."

அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. விடிந்ததிலிருந்து குழாயைத் திறந்து வைத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதைச் சொன்னால் அந்த மனுஷன் மாத்திரை போடமாட்டார். வருதுண்ணே என்று கத்திக்கொண்டே பின்பக்கம் ஓடி, மாடித் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் விழுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். கேட்கட்டும் என்று நன்றாகப் பிடித்தேன்.

பிறகு அவர் குரல், பாதிதான் இருந்தது.

"டீச்சரம்மா. அது மாடித் தண்ணி."

நான் குழாயை மூடினேன்.

"காத்தே வரலயே. மொத காத்துல்ல வரும்." மூச்சு வாங்கினார். "கல்லு கெடந்த எடத்துக்கு மேக்க நாலு எட்டு வைங்க. காத்து வெளிய போக ஏர் வால்வு ஒன்னு வச்சிருக்காங்க. மண்ணு அடைச்சிருக்கும். தட்டச் சொல்லுங்க."

நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அறுபதைத் தாண்டியவள் ஓடுகிற ஓட்டம்தான். புது ஆபரேட்டர் முக்கில் நின்று, எல்லா வால்வும் திறந்துதான் இருக்கிறது என்று போனில் காட்டினார். இருக்கட்டும், இங்கே தோண்டு என்றேன். வகுப்பறைக் குரலில் சொன்னேன். மேற்கே நாலு எட்டு வைத்தேன். ஏர் வால்வின் மூடி தட்டுப்பட்டது. திறந்து, மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது.

வீட்டுக்கு வந்து குழிக்குள் இறங்கினேன். முழங்கால் மடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எரியோட்டுக்குப் போன் போட்டு, எடுத்த சத்தம் கேட்டதும் எதுவும் பேசாமல் குழாய் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு செருமியது. புஸ்ஸென்று காற்று வந்தது. துப்பியது. மறுபடி காற்று. அப்புறம் விழுந்தது.

அந்தப் பக்கம் டம்ளரா, கரண்டியா, ஏதோ ஒன்று தட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து மதினி பேசினார்.

"குடிக்கிறாரு டீச்சர்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நானும் குனிந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.